முன்னூறு வெள்ளிக்குள் ஒரு ஹேண்ட்போன்: யாருக்கு எது?

சிங்கப்பூரில் முன்னூறு வெள்ளிக்குள் ஹேண்ட்போன் தேடுகிறவருக்குத் தேர்வுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் விலைச்சீட்டில்தான். அதில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அன்றாடத்துக்கு உதவாத விவரம். உதவுகிற விவரம் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் அங்கும் இருக்காது. 108 மெகாபிக்சல், 120 ஹெர்ட்ஸ், 8+8 ஜிபி ராம் என்று மளமளவென அடுக்குவார்கள். "எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள், விற்கிற பையன் தன் போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பான்.

எங்கள் குடும்பத்தில் போன் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போதைக்குக் கேட்டிருப்பவர்கள் மூன்று பேர். ஈசூனில் இருக்கும் சித்திக்கு வாட்ஸ்அப், அரசாங்கச் சேவைகளில் நுழைய சிங்பாஸ், அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு, தமிழில் செய்தி, இவ்வளவு போதும். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மச்சானுக்கு இரண்டு சிம் போட வேண்டும், ராத்திரி ஊருக்கு வீடியோ கால் பேச வேண்டும். பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகளுக்குப் படம் நன்றாக வர வேண்டும், கையில் வைத்திருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும்.

போட்டியில் இருப்பவை இவை. இருநூறு வெள்ளிக்குக் கீழே ரெட்மி 14சி, சாம்சங் கேலக்ஸி ஏ06. அதற்கு மேலே கேலக்ஸி ஏ16 5ஜி, ரெட்மி நோட் 14. இவற்றிலிருந்து சற்று விலகி, நத்திங் நிறுவனத்தின் மலிவு பிராண்டான சிஎம்எஃப் போன். கடைசியாக, செகண்ட்ஹேண்டில் ஐபோன் 13. மாடல் எண் வருஷத்துக்கு ஒன்று கூடிக்கொண்டேதான் போகும். ஏ16க்குப் பின்னால் 2025இல் ஏ17 வந்துவிட்டது, சிப் என்னவோ அதே எக்சினோஸ் 1330தான். புதிது வந்தால் பழையதன் விலை இறங்கும், நமக்கு அதுவும் லாபம்தான்.

லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா?

தேக்கா பக்கக் கடைகளிலும் சிம் லிம் ஸ்குவேரிலும் மாடலைச் சொன்னதும் வரும் கேள்வி இது: "லோக்கல் செட் வேணுமா அண்ணே, எக்ஸ்போர்ட் செட் போதுமா?" எக்ஸ்போர்ட் செட் என்றால் வேறொரு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான போன். விலை குறையும். மச்சான் போன்றவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிய காசு என்பதால் ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் இங்கே 2ஜி 2017 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. 3ஜியும் 2024இல் விடைபெற்றது. இனி சாதாரண போன் அழைப்பு முழுக்க 4ஜி, 5ஜி வழியாகத்தான் போகும், அதற்குப் போனில் வோல்டீ வசதி இருக்க வேண்டும். எந்தப் புதுப் போனிலும் அது இருக்கிறதே என்பார்கள். இருப்பது வேறு, சிங்கப்பூர் நிறுவனங்களின் கட்டமைப்பில் அது இயங்குவது வேறு. வேறு நாட்டு மென்பொருளோடு வரும் செட்டில் இங்குள்ள சிம்முக்கு அந்த வசதி திறக்காமல் போகலாம். இணையம் வரும், வாட்ஸ்அப் கால் வரும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்போம். எண்ணை அழுத்தி நேரே அழைத்தால் மட்டும் இணைப்புக் கிடைக்காது. ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று யோசித்த பிறகு, சித்திக்கு எக்ஸ்போர்ட் செட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மச்சான் அதைத்தான் வாங்குவேன் என்று நின்றால், காசு கொடுக்குமுன் தன் சிம்மைப் போட்டு யாருக்காவது ஒரு சாதாரணக் கால் செய்து பார்க்கட்டும். பேசும்போதும் மேலே 4ஜி அல்லது வோல்டீ அடையாளம் நிற்க வேண்டும்.

வாரண்டியிலும் வித்தியாசம் உண்டு. லோக்கல் செட்டுக்கு நிறுவனத்தின் சிங்கப்பூர் சேவை மையம் பொறுப்பு. எக்ஸ்போர்ட் செட்டுக்குக் கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. "ஒரு வாரம்தான்" என்று ரசீதில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பழுதான பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் லா இரண்டு வகைக்கும், செகண்ட்ஹேண்ட் பொருளுக்கும்கூடப் பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டு போகலாம். ரசீதைத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

எக்ஸ்போர்ட் செட் பெட்டியில் வரும் சார்ஜர் சில சமயம் இரண்டு முள் உள்ளதாக இருக்கும், கடையில் ஒரு மலிவான அடாப்டரைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பாதுகாப்பு முத்திரை உள்ள மூன்று முள் சார்ஜரைத் தனியாக வாங்கி அந்தக் காசையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். சாம்சங் எப்படியும் பெட்டியில் சார்ஜர் வைப்பதில்லை.

திரையில் தமிழ் எப்படித் தெரிகிறது?

இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். காட்சிக்கு வைத்திருக்கும் போன்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. ஆங்கில எழுத்துக்குப் போதுமான திரை தமிழுக்குப் போதாமல் போகலாம்.

ரெட்மி 14சியின் திரை 6.88 அங்குலம். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பில் குறுக்கே 720 புள்ளிகள்தான், அங்குலத்துக்கு ஏறக்குறைய 260 வருகிறது. ஏ06ம் கிட்டத்தட்ட அதே கதை. ஏ16இல் 6.7 அங்குலத்தில் குறுக்கே 1080, அதாவது அங்குலத்துக்கு 385 புள்ளி. ரெட்மி நோட் 14ம் அதே ரகம். எண்ணாகச் சொன்னால் விளங்காது. தமிழ்ச் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெரிதாக்காமல், கையை நீட்டி வைத்துப் படித்துப் பாருங்கள். "ளு"வும் "ழு"வும் எங்கே பிரிகின்றன, "ணை"யில் எத்தனை சுழி, "ஞ"வின் உள்மடிப்பு திறந்திருக்கிறதா அடைத்துக்கொண்டதா என்று கவனியுங்கள். 720 திரையில் தடித்த எழுத்துத் தலைப்பின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் கசங்கிப் போகும். ஒரு வரி படித்தால் பெரிதாகத் தெரியாது. ஒரு கட்டுரை முழுக்கப் படித்தால் கண் களைத்துவிடும், நாம் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

எழுத்தளவைப் பெரிதாக்கிக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஓரளவு ஆகும். சித்தி எப்படியும் பெரிய எழுத்தில்தான் வைத்திருக்கிறார், வாட்ஸ்அப்பில் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. ஆனால் எல்லாச் செயலியும் அந்த அமைப்புக்குக் கட்டுப்படுவதில்லை. ஊரிலிருந்து படமாக வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் நிகழ்ச்சி நிரல், மருந்துச் சீட்டின் போட்டோ இவற்றில் எழுத்தளவு நம் கையில் இல்லை. தமிழ் படிப்பவருக்கு வாங்குவதென்றால் 720 புள்ளித் திரையை முதலிலேயே கழித்துவிடுவேன்.

அடுத்தது வெளிச்சம். 14சி, ஏ06 இரண்டும் எல்சிடி. ஏ16, நோட் 14 இரண்டும் அமோலெட், வெயிலிலும் பளிச்சென்று தெரியும் ரகம். உணவங்காடி நிலையத்தில் சிடிசி பற்றுச்சீட்டைக் காட்டும்போது கடைக்காரர் நம் திரையில் இருக்கும் கியூஆர் குறியீட்டைத்தான் ஸ்கேன் செய்கிறார். பன்னிரண்டு மணி வெயிலில் மங்கலான திரையைக் கை குவித்து மறைத்துக்கொண்டு, பின்னால் வரிசை நிற்க, சித்தி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அமோலெட்டுக்கு ஏன் கூடக் கொடுக்கிறோம் என்பது விளங்கும். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது, 90 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. இருபது வயதுக்கு மேல் அதைக் கேட்டு யாரும் என்னிடம் வந்ததில்லை.

முதுகும் விளிம்பும்

மலிவுப் போன்களின் முதுகு இப்போது விலை உயர்ந்த போனைப் போல வேஷம் போடுகிறது. ரெட்மி 14சியைத் திருப்பினால் பெரிய வட்டத்துக்குள் நான்கு கண் இருப்பது போலத் தெரியும். ஒன்று ஃபிளாஷ். படம் எடுக்கிற உருப்படியான கேமரா ஒன்றே ஒன்று, 50 மெகாபிக்சல். மீதி அலங்காரமும் ஒப்புக்கு ஒரு துணை லென்சும். நோட் 14இன் 4ஜி வகையில் 108 மெகாபிக்சல் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் 2 மெகாபிக்சல்தான், எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. அந்த 108ம் ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கும். 50 என்றால் நான்கை ஒன்றாக்கி அதே 12 சொச்சம். ஏ16இல் இரண்டாவது கேமரா 5 மெகாபிக்சல் அகலக் கோணம். கூட்டமாக நின்று எடுக்கும் பொங்கல் படத்துக்கு அது ஒன்றாவது உதவும்.

கையில் பிடிப்பதில் 14சி பெரிய ஆள். நீளம் 17 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது, எடை 200 கிராமுக்கு மேல். எம்ஆர்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் மேல் மூலையைத் தொட முடியாது. ஏ16 5ஜி அகலத்தில் அதே அளவுதான், ஆனாலும் 7.9 மில்லிமீட்டர் மெலிவும் 192 கிராமும் கையில் தெரிகிறது. பக்கவாட்டில் பொத்தான்கள் இருக்கும் இடம் மட்டும் மேடாகப் புடைத்திருக்கிறது. எனக்கு முதலில் அசிங்கமாகப் பட்டது. சித்திக்கு அது பிடித்துவிட்டது, பார்க்காமலே விரல் பொத்தானைக் கண்டுபிடிக்கிறது என்கிறார். அதே பொத்தான்தான் கைரேகையும் வாங்குகிறது. நோட் 14இன் 4ஜி வகையில் கைரேகை திரைக்கு அடியில். பார்க்க நவீனம், ஆனால் ஈரக் கையோடு தொட்டால் தடுமாறும். பட்டறை வேலையில் விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கு இரண்டு வகையும் சண்டித்தனம் செய்யும். ஒரே விரலை இருமுறை பதிந்து வைத்துக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை.

பிளாஸ்டிக் முதுகு மட்டமானது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். கீழே விழுந்தால் கண்ணாடி முதுகு உடையும், பிளாஸ்டிக்கில் கீறல் விழும், அவ்வளவுதான். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீட்டில் ஏ16, நோட் 14இன் 4ஜி வகை இரண்டும் ஐபி54. நான்கு என்பது எத்திசையிலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். பேருந்து நிறுத்தத்தில் சாரல் பட்டால் ஒன்றும் ஆகாது. வாளியில் விழுந்தால் போனதுதான்.

உள்ளே இருப்பது பற்றிச் சுருக்கமாக. 8+8 என்பதில் இரண்டாவது எட்டு உண்மையான ராம் இல்லை, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. 14சியில் அந்தச் சேமிப்பிடமே இஎம்எம்சி 5.1 என்ற பழைய, மெதுவான ரகம். ஆகவே கடன் வாங்கியும் பெரிய பயனில்லை. சிப்பும் 12 நானோமீட்டர் தலைமுறை. நோட் 14இன் 4ஜி வகையில் இருக்கும் ஹீலியோ ஜி99 6 நானோமீட்டர், ஏ16 5ஜியின் எக்சினோஸ் 5 நானோமீட்டர். இந்த எண் குறையக் குறையச் சூடு குறையும், பேட்டரி நிற்கும்.

ஆறு வருஷக் கணக்கு

என் கணக்கில் ஏ16 ஜெயிப்பது இங்கேதான். 2024 கடைசியில் வெளிவந்த இந்தப் போனுக்கு ஆறு ஆண்ட்ராய்டு மேம்பாடுகளும் ஆறு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சாம்சங் சொல்லியிருக்கிறது. 2030 வரை போகும். இந்த விலைக்கு ரெட்மியில் அவ்வளவு இல்லை.

அப்டேட் யாருக்கு வேண்டும் என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் மோசடிக்காரர்கள் ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை இறக்க வைத்து வங்கிக் கணக்கைத் துடைத்ததால்தான், 2023 முதல் இங்குள்ள வங்கிச் செயலிகள் சந்தேகத்துக்குரிய செயலி போனில் இருந்தால் திறக்க மறுக்கின்றன. 2024 பிப்ரவரியில் கூகுள் அப்படிப்பட்ட செயலிகளைத் தடுக்கும் சோதனைத் திட்டத்தைச் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. ஸ்கேம்‌ஷீல்டு செயலி, 1799 உதவி எண் எல்லாம் அந்தச் சண்டையின் தொடர்ச்சி. அப்டேட் நின்ற போனில் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். ஆண்ட்ராய்டு ரொம்பப் பழசானால் வங்கிச் செயலியே ஒருநாள் கைவிரித்துவிடும். போன் நன்றாகத்தான் இருக்கும், உபயோகம் இருக்காது.

காசாகப் பார்ப்போம். 180 வெள்ளிக்கு வாங்கியது மூன்று வருஷத்தில் ஓய்ந்தால் வருஷத்துக்கு 60. 290 வெள்ளிக்கு வாங்கியது ஆறு வருஷம் வந்தால் 48க்கும் சற்று மேல். நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டிவரும், அதைச் சேர்த்தாலும் சமத்துக்கு அருகில்தான் நிற்கும், நல்ல திரை கூடுதல் லாபம். ஒரு எச்சரிக்கை: ஆறாவது வருஷம் வரை இழுக்க வேண்டுமென்றால் 4 ஜிபி ராம் பத்தாது. 8 ஜிபி வகை கிடைத்தால் அதை எடுங்கள்.

சித்தி விஷயம் இத்தோடு முடிந்தது: ஏ16 5ஜி, லோக்கல் செட். 5ஜிக்காக அல்ல. அவருக்கு 4ஜியே தாராளம்.

இங்கே என்எஃப்சி, அதாவது போனைத் தட்டிப் பணம் கட்டும் வசதி பற்றி ஒரு வார்த்தை. "பேருந்தில் தட்ட வேண்டுமே, என்எஃப்சி இல்லாத போனை வாங்காதே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். வங்கி அட்டையைப் போனில் ஏற்றிப் பயணம் செய்யும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சரி. மூத்தோருக்கும் மாணவருக்கும் சலுகைக் கட்டணம் அவரவர் சலுகை அட்டையில்தான் இருக்கிறது. போனில் வங்கி அட்டையைத் தட்டினால் சலுகை இல்லாத முழுக் கட்டணம் பிடித்துவிடும். எனவே சித்திக்கும் அக்கா மகளுக்கும் பேருந்துக்காக என்எஃப்சி தேவையில்லை, கடைகளில் பணம் கட்ட வேண்டுமானால் உதவும். ரெட்மியில் ஒரே மாடல் என்எஃப்சியோடும் இல்லாமலும் வெவ்வேறு நாட்டில் விற்கிறது. எக்ஸ்போர்ட் செட் வாங்குபவர் பெட்டியைப் படித்துப் பார்க்காமல் நம்பிவிடக் கூடாது.

மச்சானின் தேவை வேறு. இங்குள்ள சிம் ஒன்று, ஊர் வங்கியின் ஓடிபி வருவதற்காக இந்திய சிம் ஒன்று, இரண்டும் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். ஏ16இல் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன, ஏதாவது ஒன்றைத்தான் வைக்கலாம். 14சியில் கார்டுக்குத் தனி இடம் உண்டு. அதோடு ஏ16இல் இயர்போன் துளை கிடையாது. விடுதி அறையில் பத்துப் பேர் நடுவே வீட்டோடு பேசுகிறவருக்கு வயர் இயர்போன் அத்தியாவசியம். சார்ஜ் போட மறந்த ப்ளூடூத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் மச்சானுக்கு நோட் 14இன் 4ஜி வகைதான் சரி. இயர்போன் துளை இருக்கிறது, 5500 எம்ஏஎச் பேட்டரி, 33 வாட் சார்ஜிங், திரையும் அமோலெட். சேமிப்பிடம் 256 ஜிபி எடுத்துக்கொண்டால் கார்டுக் கவலையும் இல்லை. ரெட்மியைத் தயாரிக்கும் சியோமியின் சொந்தச் செயலிகளில் விளம்பரம் தலைகாட்டும், அமைப்புகளில் போய் ஒவ்வொன்றாக அணைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அக்கா மகளுக்குக் காட்டியது சிஎம்எஃப். இந்த விலையில் வடிவமைப்பில் யோசித்துச் செய்த போன் இது ஒன்றுதான். 2024இல் வந்த சிஎம்எஃப் போன் 1இன் முதுகில் திருகாணிகள் வெளிப்படையாகத் தெரியும், கழற்றி வேறு நிற மூடியை மாட்டிக்கொள்ளலாம். அதில் என்எஃப்சி இல்லை. 2025இன் போன் 2 ப்ரோவில் என்எஃப்சி வந்துவிட்டது, இரண்டு மடங்கு ஜூம் தரும் தனி கேமராவும் வந்தது, விலையும் மேலே போனது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா ஐபோன் இல்லையே" என்றாள்.

சரி, பழைய ஐபோன் 13. 2021ஆம் ஆண்டு மாடல். 174 கிராம், கைக்கு அடக்கமான 6.1 அங்குலம். வீடியோவில் மேலே சொன்ன எதுவும் இதை நெருங்காது. ஆனால் வாங்கும் இடத்தில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். பேட்டரி ஆரோக்கிய சதவீதம் எவ்வளவு. அமைப்புகளில் உதிரிபாக வரலாற்றில் "அறியப்படாத பாகம்" என்று ஏதாவது நிற்கிறதா. பழைய சொந்தக்காரர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து நம் கண்முன்னே வெளியேறினாரா. இல்லையென்றால் ஆக்டிவேஷன் லாக் விழுந்து போன் வெறும் கண்ணாடித் துண்டு. கடைசியாக, யாராவது திறந்து பழுது பார்த்திருந்தால் ஐபி68 என்ற பேச்சை மறந்துவிட வேண்டும். பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் வாங்குவதென்றால் ஆள் நடமாட்டமுள்ள எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து இவ்வளவையும் நிதானமாகப் பார்த்துவிட்டு அப்புறம் பேநௌ வழியாகப் பணம் அனுப்பட்டும். நல்ல நிலையில் உள்ளது முன்னூறைத் தாண்டும்.

அந்தக் கூடுதல் காசைத் தவிர்க்க அவள் சொன்ன வழி, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் "இலவசமாக" புது ஐபோன் எடுப்பது. சிம் மட்டும் தரும் திட்டங்கள் இப்போது மாதம் பத்துப் பதினைந்து வெள்ளிக்கே கிடைக்கின்றன. ஒப்பந்தத் திட்டத்துக்கு மாதம் இருபது வெள்ளி கூடுதல் என்று வைத்தாலே 24 மாதத்தில் 480 வெள்ளி ஆகிறது, ஆரம்பத்தில் கட்டும் தொகை தனி. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். மகள் இப்போது வாரக் கடைசியில் பகுதிநேர வேலைக்குப் போகிறாள். கேரோசெலில் ஐபோன் 13களைப் பார்த்துக் குறித்து வைக்கிறாள், பேட்டரி சதவீதம் போடாத விளம்பரங்களைத் தானே ஒதுக்கிவிடுகிறாள்.